இரண்டே முறைதான் கிளம்பினான்

கேள்வி: மேடம், எனக்கு 27 வயது. ஊர் காசிமேடு. பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஐந்து வருடமாக டிஎன்பிஎஸ்சி எழுதுகிறேன், குரூப் 4, குரூப் 2 இரண்டும். ஒவ்வொரு தடவையும் கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடுகிறது. அப்பாவுக்கு ஃபைபர் படகு, அண்ணன் லாஞ்சில், அதாவது விசைப்படகில் போகிறார். சின்ன வயதிலிருந்தே எனக்கு 'காஸ்ட் அவே' படம்தான் உயிர். அண்ணன் பர்மா பஜாரில் வாங்கிவந்த டிவிடியில் முதலில் பார்த்தது. ஒருத்தன் யாருமே இல்லாத தீவில் நாலு வருஷம் விடாமல் போராடி ஜெயித்துத் திரும்புகிறான். ரிசல்ட்டில் என் நம்பர் இல்லாத ஒவ்வொரு முறையும் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் புத்தகத்தை எடுப்பேன். கேரம் கிளப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஃபிரெண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து விலகிவிட்டேன். அறைக்குள்ளேயே படிக்கிறேன். "படத்தைப் பார்த்துக் கெட்டவன் நீதான்டா" என்கிறார் அண்ணன். படகு இஞ்சின் வேலைக்காவது வா என்று கூப்பிடுகிறார். ஒரு கோச்சிங் சென்டரில் நாற்பதாயிரம் கட்டினால் இந்த முறை நிச்சயம் என்கிறார்கள். நான் விடாமுயற்சியை விட்டுவிட வேண்டுமா? சில ராத்திரி எதற்கு இருக்கிறோம் என்றே தோன்றுகிறது.
பெயர் வேண்டாம், காசிமேடு.

பதில்:

தம்பி, உங்கள் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். போகிறபோக்கில் எழுதியதுபோல் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என் வேலையில் இருக்கிற யாருக்கும் முதலில் கண்ணில் படுவது அந்த வரிதான். அப்படித் தோன்றுவதால் நீங்கள் கோழை ஆகிவிடவில்லை. அதை அறைக்குள் பூட்டி வைப்பதுதான் ஆபத்து. 14416 என்று ஓர் இலவச எண் இருக்கிறது, டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண். நடுராத்திரியில் அழைத்தாலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நேரில் பேச வேண்டும் என்றால் ஸ்டான்லி மருத்துவமனை உங்களுக்கு ஷேர் ஆட்டோ தூரம். காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கி மனநலப் பிரிவில் காட்டுங்கள். இந்த வாரமே போங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களைத் திட்டுகிற அண்ணன்தான், ஆனாலும் கூப்பிட்டால் வருவார் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

'காஸ்ட் அவே' படத்தின் நாயகன், உங்கள் சக் நோலண்டுக்கும் அப்படி ஒரு காலம் வந்தது, கவனித்தீர்களா? படத்தில் அது காட்சியாக வருவதில்லை. பல்லைப் பிடுங்கிக்கொண்டு மயங்கி விழுவான். அடுத்து திரையில் 'நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு' என்று வரும். அந்த நாலு வருஷத்துக்குள் உயிரை விட்டுவிடலாம் என்ற இடம்வரை அவன் போயிருக்கிறான் என்பது, பிறகு தீவில் துணையாக வைத்திருக்கிற அந்த வாலிபாலிடம் அவன் பேசும்போதுதான் நமக்குத் தெரியவருகிறது. ஊர் திரும்பிய பிறகு நண்பனை உட்காரவைத்து முழுசாகச் சொல்கிறான். நீங்கள் இத்தனை முறை பார்த்த படத்தில் உங்களுக்கு மிக வேண்டிய பகுதியை எடிட்டிங்கில் தாண்டிப் போயிருக்கிறார்கள். தப்பில்லை, இரண்டரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டிய படம். ஆனால் நீங்கள் இப்போது வாழ்ந்துகொண்டிருப்பது வெட்டப்பட்ட அந்த நாலு வருஷத்தை. அதற்குப் படத்தில் நேரடியாக வழி தேடினால் கிடைக்காது. அங்கங்கே சிதறிக் கிடப்பதைத்தான் பொறுக்கி எடுக்க வேண்டும்.

'விடாமல் போராடி' என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, ஒரு கேள்வி. அவன் எத்தனை முறை அந்தத் தீவை விட்டுக் கிளம்பினான்? யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

இரண்டே முறை.

முதல் முறை வந்த புதிதில். ராத்திரி தூரத்தில் ஒரு கப்பல் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, கடலில் விழுந்த விமானத்திலிருந்து தப்பித்தபோது கையிலிருந்த காற்றடைத்த ரப்பர் மிதவையில் ஏறித் துடுப்புப் போடுகிறான். பவளப்பாறை ஓரத்தில் எழும்பும் பெரிய அலை அப்படியே புரட்டிப் போடுகிறது. காலில் ஆழமான காயம், மிதவையும் கிழிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் என்ன செய்தான்? மறுநாள் திரும்பவும் முட்டி மோதினானா? இல்லை. அதே அலையை அதே மாதிரி இன்னொரு தடவை அவன் எதிர்கொள்ளவே இல்லை. மீன் குத்தக் கற்றுக்கொண்டான், தண்ணீர் சேர்த்தான், குகைச் சுவரில் வெயில் விழும் இடத்தைக் குறித்துக் குறித்து மாதக் கணக்குத் தெரிந்துகொண்டான், காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து வைத்தான். வருஷக்கணக்கில் கழித்து ஒரு பிளாஸ்டிக் கழிப்பறையின் சுவர் கரை ஒதுங்கியபோதுதான் மிதவையில் காற்றுப் பிடிக்க அவனுக்குப் பாய் கிடைத்தது. பாய் கிடைத்த பிறகே கிளம்பினான். இந்த முறை வேறு மிதவை, வேறு காலம், வேறு காற்று.

நீங்கள் அந்தப் படத்திலிருந்து 'விடாதே' என்பதை எடுத்துக்கொண்டீர்கள். எனக்குத் தெரிந்தது 'அதே மாதிரி திரும்பப் போகாதே' என்பது. இரண்டும் ஒன்று இல்லை. ஐந்து வருஷமாக நீங்கள் செய்வது இரண்டாவதா, இல்லை கிழிந்த மிதவையிலேயே திரும்பத் திரும்ப ஏறுவதா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ரீல்ஸில் இந்தப் படத்தின் துண்டுகளைப் போட்டுப் பின்னால் தாரை தப்பட்டை முழங்குகிறார்களே, அதையும் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். படத்தில் தீவில் இருக்கிற வரைக்கும் பின்னணி இசையே கிடையாது. அலைச் சத்தமும் காற்றுச் சத்தமும்தான். அந்தப் பெரிய அலையைத் தாண்டிக் கடலுக்குள் போன பிறகுதான் முதல் தடவையாக இசை வருகிறது. உங்கள் செல்போனில் ஓடுகிற வீரம் எவனோ மேலே ஒட்டியது.

ஒரு வேலை சொல்கிறேன், செய்யுங்கள். அப்பா கடலுக்குப் போகாத ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பாருங்கள். முழுக்க வேண்டாம், கயிறு திரிப்பதிலிருந்து அலை தாண்டும் வரைக்கும் போதும். மரங்களைக் கட்டுகிற விதத்தைப் பார்த்ததுமே அவர் ஏதாவது சொல்வார். சின்ன வயதில் கட்டுமரத்தில் போனவராக இருந்தால் முடிச்சைப் பற்றியே கால் மணி நேரம் பேசுவார். விமானத்திலிருந்து கரை ஒதுங்கிய பார்சலில் இருந்த ஓர் உடுப்பின் வலைத்துணியை வைத்து சக் மீன் பிடிப்பதைப் பார்த்தால் சிரிப்பார். அந்தக் காற்றுக் கணக்கைக் கவனமாகப் பார்ப்பார். வாடை எப்போது, கச்சான் எப்போது, எதில் கிளம்பலாம், எதில் படகைக் கட்டிப்போட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அப்பா படகை எடுத்தாரா? எடுக்கவில்லை. விடாமுயற்சி இல்லாதவர் என்று காசிமேட்டில் யாராவது அவரைச் சொன்னார்களா? அண்ணனுடைய லாஞ்சும் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கரையில்தான் நிற்கிறது. அந்த நாட்களில் இஞ்சினைப் பிரிக்கிறார்கள், பலகை மாற்றுகிறார்கள், பெயிண்ட் அடிக்கிறார்கள், வலையைப் பழுது பார்க்கிறார்கள். உங்கள் வீட்டில் மூன்று வேளையும் கிடைக்கிற பாடத்துக்கு நீங்கள் ஹாலிவுட் வரைக்கும் போயிருக்கிறீர்கள். பரவாயில்லை, படம் நல்ல படம்தான்.

அந்தப் படம் எடுக்கப்பட்ட கதை தெரியுமா? முதல் பாதியில் தொப்பையோடு இருக்கிற டாம் ஹாங்க்ஸ் நாலு வருஷத்துக்குப் பிறகு எலும்பும் தோலுமாக நிற்க வேண்டும். மேக்கப்பில் ஒப்பேற்றாமல் படப்பிடிப்பையே ஏறக்குறைய ஒரு வருஷம் நிறுத்திவிட்டார்கள். அவர் உடம்பைக் குறைத்து முடியும் தாடியும் வளர்க்கட்டும் என்று காத்திருந்தார்கள். அந்த ஒரு வருஷம் டைரக்டர் ராபர்ட் ஜெமெக்கிஸ் அறைக்குள் உட்கார்ந்து இந்தப் படத்தையே நினைத்துக்கொண்டு இருக்கவில்லை. அதே தொழில்நுட்பக் குழுவை வைத்து இன்னொரு படத்தை எடுத்து முடித்தார். இரண்டு படமும் 2000-ம் வருஷத்திலேயே வெளியாயின. குழுவுக்குச் சம்பளமும் நின்றுபோகவில்லை, இந்தப் படமும் கெட்டுப்போகவில்லை. உங்கள் அண்ணன் சொல்கிற இஞ்சின் வேலையைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. போங்கள். அரை நாள் போங்கள். மெக்கானிக்கல் படித்த பிள்ளை, கடல் இஞ்சினைக் கேட்டே வளர்ந்த பிள்ளை, காசிமேட்டில் கைநிறைய வேலை இருக்கும். இதனால் 'முயற்சியை விட்டுவிட்டான்' என்று ஆகாது. கையில் கொஞ்சம் காசு புரளும்போது தேர்வு அறையில் கை நடுங்குவது குறையும். என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது.

அடுத்து அந்த வாட்ஸ்அப் குரூப்பும் கேரம் கிளப்பும். தனியாக இருந்தால்தான் ஜெயிக்க முடியும் என்பதையும் இந்தப் படத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். அவன் தனிமையைத் தேடிப் போகவில்லை தம்பி, விமானம் விழுந்தது. மாட்டிக்கொண்ட இடத்திலும் ஒரு பந்தில் ரத்தக் கையால் முகம் வரைந்து, வில்சன் என்று பெயர் வைத்து, அதோடு சண்டை போட்டு, கோபத்தில் தூக்கி எறிந்துவிட்டுப் பதறிப்போய்த் தேடி எடுத்து வருகிறான். இது வெறும் கற்பனையும் இல்லை. கதையை எழுதிய வில்லியம் பிராய்ல்ஸ் எழுதுவதற்கு முன்னால் மெக்சிகோ பக்கம் ஒரு கடற்கரையில் சில நாள் தனியாக இருந்து பார்த்தார். அங்கே கரை ஒதுங்கிய ஒரு வாலிபாலோடு அவரே பேச ஆரம்பித்துவிட்டார். சில நாளைக்கே அந்த நிலைமை. நீங்கள் வருஷக்கணக்கில் அறைக்குள் இருக்கிறீர்கள். ராத்திரியில் அந்த எண்ணம் வராமல் என்ன செய்யும்?

கிளப்புக்குத் திரும்பப் போங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம். நம்ம வடசென்னையில் கேரம் நேரப்போக்கு மட்டும் இல்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்த காசிமா, புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பொண்ணுதானே. முதல் நாள் நாலு பேர் கிண்டல் செய்வார்கள், "வாங்க கலெக்டர் சார்" என்பார்கள். இரண்டு போர்டு ஆடியதும் மறந்துவிடுவார்கள்.

'ஜெயித்துத் திரும்புகிறான்' என்பதையும் கொஞ்சம் திரும்பப் பாருங்கள். எந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்துப் பார்த்து உயிரைப் பிடித்து வைத்திருந்தானோ அவளுக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தையும் இருக்கிறது. அரசு வேலை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கடைசி அரை மணி நேரத்தைத்தான் நான் சிபாரிசு செய்வேன். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம், வேலை கிடைத்த பிறகு பேசலாம்.

இப்போது மார்க். உங்கள் கடிதத்தில் படத்துக்கு அத்தனை வரி, மார்க்குக்கு 'கொஞ்சம் கீழே' என்று அரை வரி. கொஞ்சம் என்றால் எவ்வளவு? மூன்றா, முப்பதா? இதை நீங்கள் எழுதாமல் விட்டதுதான் என்னை உறுத்துகிறது. சக் மிதவை கட்டும் முன்னால் என்ன செய்கிறான் என்று பாருங்கள். மொத்தம் எத்தனை அடி கயிறு வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை அடி திரிக்க முடியும், காற்று திரும்ப இன்னும் எத்தனை நாள், சாப்பாடு, தண்ணீர் சேர்க்க எத்தனை நாள் என்று வாய்விட்டுக் கணக்குப் போடுகிறான். கயிறு போதவில்லை என்று தெரிந்ததும் எங்கே இருக்கிறது என்று யோசிக்கிறான். அந்தக் காட்சியில் வீரவசனம் ஒன்றும் இல்லை. எனக்குப் படத்தில் மிகப் பிடித்தது அதுதான்.

ஒரு நோட்டை எடுத்து ஐந்து வருஷ மார்க்கையும் வரிசையாக எழுதுங்கள். குரூப் 4-ல் 200 கேள்வி, 300 மார்க். தமிழ் 100 கேள்வி, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழில் 40 சதவீதம், அதாவது 60 மார்க் வராவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை சரி, எத்தனை தப்பு என்று விடைக்குறிப்பை வைத்துப் பிரித்து எழுதுங்கள். பி.இ. படித்தவருக்குத் திறனறிவில் 25-க்கு 22-க்குக் கீழே வந்தால் அங்கே ஓட்டை. தமிழில் இலக்கணமா, இலக்கியமா, எங்கே போகிறது? மார்க் வருஷாவருஷம் ஏறி, கடைசியில் இரண்டு மூன்று கேள்வியில்தான் நின்றது என்றால் இன்னொரு முறை எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது. ஐந்து வருஷமும் ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருந்தால் அறையில் உட்காரும் நேரத்தைக் கூட்டுவதால் ஒன்றும் மாறாது. படிக்கிற முறையை மாற்ற வேண்டும், இல்லை தேர்வையே மாற்ற வேண்டும்.

தேர்வை மாற்றுவது என்றால் என்ன? 2025 குரூப் 4-க்கு அறிவிப்பில் இருந்தது 3,935 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வு, எல்லோரும் வருவார்கள். உங்கள் கையில் பொறியியல் பட்டம் இருக்கிறது. அதே டிஎன்பிஎஸ்சி நடத்துகிற ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வு என்ற ஒன்றை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. அதில் உங்கள் பட்டத்துக்கான பாடத்தில் கேள்வி வரும், போட்டியிடுவோரும் அந்தப் பட்டம் உள்ளவர்கள் மட்டும்தான். ரயில்வேயில் ஜூனியர் இஞ்சினியர் தேர்வு இருக்கிறது. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? தெர்மோடைனமிக்ஸ் புத்தகம் பரணில் இருந்தால் இறக்குங்கள். பார்சலில் வந்த ஐஸ் ஸ்கேட்டை அவன் கத்தியாகவும் பல் பிடுங்கும் கருவியாகவும் பயன்படுத்தினான். உங்கள் பார்சலில் வந்தது பி.இ. மெக்கானிக்கல், நீங்கள் இன்னும் பிரிக்கவே இல்லை.

அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. 'படத்தைப் பார்த்துக் கெட்டவன்' என்று அவர் சொல்வது உங்களுக்கு வலிக்கிறது, தெரிகிறது. ஆனால் டிவிடி வாங்கிவந்தவரே அவர்தானே. அவரிடம் போய், "சரிண்ணா, காலையில வேலைக்கு வர்றேன், மத்தியானத்துக்கு மேல படிக்க விடு, அடுத்த ரிசல்ட் வரைக்கும் இப்படிப் போகட்டும், அப்புறம் உட்கார்ந்து பேசுவோம்" என்று நாளும் நேரமும் போட்டுச் சொல்லுங்கள். கடலுக்குப் போகிறவர்களுக்குக் கெடு வைத்துப் பேசினால் பிடிக்கும். கெடு இல்லாமல் "இன்னும் ஒரு வருஷம்" என்று ஐந்து தடவை கேட்டதால்தான் அவருக்குக் கோபம் என்று என் ஊகம்.

கோச்சிங் சென்டருக்கு நாற்பதாயிரம் கட்டாதீர்கள். 'நிச்சயம்' என்று சொல்கிற இடத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். போட்டித் தேர்வில் யாராலும் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் அரசே போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் நடத்துகிறது, கட்டணம் இல்லை. விண்ணப்பம் கேட்டு அறிவிப்பு வரும்போது விட்டுவிடாதீர்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்திலும் இலவச வகுப்பு உண்டு. அதற்குக் கிண்டி வரை போக வேண்டியிருந்தாலும் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் போய்விடலாம். வீட்டு அறையை விட்டு வெளியே உட்கார்ந்து படிக்க இடம் வேண்டும் என்றால் கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது, கொஞ்சமாகத்தான் கட்டணம். அந்த நாற்பதாயிரத்தை ஏற்கெனவே யாரிடமாவது கடன் கேட்டு வைத்திருந்தால், வட்டி ஓடுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.